பட்டனைக் கண்டு பயந்த சிறுவன்

சட்டைப் பட்டனைக் கண்டால் பயப்படுகிறவர்கள் உண்டு. சொன்னால் சிரிப்பார்களோ என்று பலர் யாரிடமும் சொல்வதில்லை. பட்டன் இல்லாத உடுப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, பட்டன் வைத்த சட்டையில் யாராவது நெருங்கி வந்தால் சற்றே தள்ளி நின்றுகொண்டு, நாளை ஓட்டிவிடுகிறார்கள்.

லிசெட் சாவேத்ரா, வெண்டி சில்வர்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2002-ல் அப்படி ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். அவனுக்கு வயது 9. ஐந்து வயதில், வகுப்பில் பட்டன்களை ஒட்டி ஏதோ செய்துகொண்டிருந்தபோது கையிலிருந்தவை தீர்ந்துவிட்டன. ஆசிரியர் மேசைமேல் இருந்த கிண்ணத்திலிருந்து எடுக்கப் போனான். கை வழுக்கி, கிண்ணத்தில் இருந்த பட்டன் எல்லாம் அவன்மேல் கொட்டின. அதிலிருந்து ஆரம்பித்து, தானாக உடுத்திக்கொள்ளவே முடியாத அளவுக்குப் பயம் வளர்ந்துவிட்டது.

ஏன் வளர்கிறது? மூளைக்குள் பாதாம்பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்தப் பொருளோடு ஆபத்து சேர்ந்து வந்தது என்பதை அது சட்டென்று பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தப் பொருள் கண்ணில் பட்டதுமே இதயம் படபடக்கும், கை வியர்க்கும். நாம் விலகி ஓடுவோம். உடனே நிம்மதி வரும். சிக்கலே அந்த நிம்மதிதான். ‘ஓடியதால் தப்பித்தோம்’ என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. ஓடாமல் நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

அந்த வாய்ப்பைக் கொடுப்பதுதான் வேண்டுமென்றே பயத்தை எதிர்கொள்ளும் சிகிச்சை. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற குழந்தைக்கு இதைச் செய்தார். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டு முயலை தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். முடிவில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான்.

சரி, அப்போது பழைய பயம் அழிந்துபோய்விடுகிறதா? இல்லை. இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சத்தத்துக்குப் பின் உணவு வரும் என்று பழகிய நாய்களுக்கு, ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். எச்சில் ஊறுவது நின்றது. ஆனால் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு அதே சத்தத்தைக் கொடுத்தபோது மறுபடியும் ஊறியது. பழைய பாடம் உள்ளேயே இருந்திருக்கிறது. பயமும் அப்படியே. ‘பட்டன் ஆபத்து’ என்ற நினைவு இருக்க, ‘பட்டனால் ஒன்றும் ஆகாது’ என்று இன்னொரு நினைவு பக்கத்தில் உருவாகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதி இந்தப் புது நினைவைக் கொண்டு அமிக்டலாவை அடக்கி வைக்கிறது.

புது நினைவுக்கு ஒரு பலவீனம் உண்டு. கற்ற இடத்தோடு அது ஒட்டிக்கொள்ளும் என்று உளவியலாளர் மார்க் பௌடனின் ஆய்வுகள் காட்டின. சிகிச்சை அறையில் போன பயம் தெருவில் திரும்ப வருவது அதனால்தான். அப்படி வந்தால் பட்ட பாடெல்லாம் வீண் என்று பலர் மனம் உடைந்துபோகிறார்கள். வீண் இல்லை, வேறு இடங்களிலும் பழக வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

இப்படிப் பழகத் தொடங்கும் முன் ‘என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்?’ என்று எழுதி வைப்பது நல்லது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் மூளை நன்றாகக் கற்றுக்கொள்கிறது. கண்ணை மூடிக்கொண்டோ மூச்சைப் பிடித்துக்கொண்டோ சமாளித்தால், தப்பித்த பெருமை அந்தத் தந்திரத்துக்குப் போய்விடும். அப்புறம், விளையாட்டாக ஒருவர் மேல் பட்டனை வீசுவது சிகிச்சை ஆகாது, அது கொடுமை. அடுத்த படி எப்போது என்பதைப் பயப்படுகிறவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பயம் அன்றாட வாழ்க்கையையே முடக்கினால் உளவியலாளர் துணையோடு செய்வதே சரி.

அந்தச் சிறுவனுக்கும் படிகள் போட்டார்கள். ஜீன்ஸில் இருக்கும் பெரிய பட்டன் கீழ்ப்படி. சின்ன பிளாஸ்டிக் பட்டன் மேல்படி. நான்கு அமர்வுகளில் எல்லாப் பட்டன்களையும் தொட்டுவிட்டான். ஆனால் உள்ளுக்குள் அவன் பட்ட வேதனை குறையவில்லை, கூடியது! பேசிப் பார்த்தபோதுதான் புரிந்தது: பட்டன் உடம்பில் படுவதே அவனுக்கு அருவருப்பாக இருந்தது, அதன் வாடையும் பிடிக்கவில்லை. பயம், எதிர்பார்த்த ஆபத்து வராதபோது தளரும். அருவருப்பு எந்த ஆபத்தையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. அதனால் அது அத்தனை சீக்கிரம் தளர்வதில்லை.

வழியை மாற்றினார்கள். நூற்றுக்கணக்கான பட்டன்கள் தன்மேல் விழுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அவை எப்படி இருக்கின்றன, எப்படி மணக்கின்றன என்று கேட்டார்கள். அவற்றைப் பற்றிய அவனுடைய எண்ணங்களை அவனோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். ஏழு அமர்வுகளில் வேதனை இறங்கியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அவன் தினமும் போட்டுக்கொண்டு போன பள்ளிச் சீருடையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பட்டன்கள் இருந்தன.