லாக்கரில் பூட்டக் கூடாத மருந்து

கோடை விடுமுறை விட்டால் கோவை, திருப்பூர், ஈரோட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு மேட்டுப்பாளையம் ஊட்டி ரோட்டிலுள்ள பிளாக் தண்டர் தண்ணீர்ப் பூங்காவில் ஒரு நாள் உண்டு. சிலர் அங்கேயே அறை எடுத்துத் தங்குவார்கள். கடுமையான உணவு ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோர் மட்டும், “கூட்டிட்டுப் போலாமுங்களா டாக்டர்?” என்று தயங்கிக் கேட்பார்கள். போகலாம் என்றுதான் சொல்வேன். குழந்தைகள் நல மருத்துவராக எனக்கு அங்குள்ள சறுக்குகள் கவலையில்லை. தண்ணீர்ப் பூங்காவில் எல்லோரும் நனைந்திருப்பார்கள். மருந்து பையில் இருக்கும், பை லாக்கரில் இருக்கும். சாவி அப்பாவிடம், அப்பா அலைக்குளத்தில். இதுதான் என் கவலை.

நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை போன்றவற்றால் வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கிவிடும். அனஃபிலாக்சிஸ் என்போம். தடிப்பு, உதட்டு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, குரல் கம்மல், விடாத இருமல், மூச்சிரைப்பு, திடீரென்று துவண்டு போவது எல்லாம் அறிகுறிகள். தடிப்பே இல்லாமலும் வரலாம். பூங்காவில் இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் தயாராக இருக்கும்: இருமினால் தண்ணீரைக் குடித்துவிட்டான், கண் சிவந்தால் குளோரின், தோல் சிவந்தால் வெயில், துவண்டால் ஆடிக் களைத்துவிட்டான். சாப்பிட்டு எழுந்த குழந்தையிடம் இவற்றில் எது தெரிந்தாலும் முதலில் ஒவ்வாமையைத்தான் நினைக்க வேண்டும்.

அவில், செட்ரிசின் போன்றவை அரிப்பை அடக்கும், அவ்வளவுதான். அடைக்கும் மூச்சுக்குழாயையும் இறங்கும் ரத்த அழுத்தத்தையும் காப்பாற்றுவது அட்ரினலின் ஊசி. தானே குத்திக்கொள்ளும் பேனா வகை நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ஆம்பியூலும் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) ஒரு மி.லி. சிரிஞ்சும் எழுதிக்கொடுக்கிறேன். ஒரு மி.லி.யில் 1 மி.கி. மருந்து இருக்கும் ஆம்பியூலில், 20 கிலோ குழந்தைக்கு 0.2 மி.லி. போதும், தொடையின் நடுவில், வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். உங்கள் குழந்தையின் அளவை உங்கள் மருத்துவர் எழுதித் தர வேண்டும். இன்சுலின் சிரிஞ்சு வேண்டாம்; அதன் கோடுகள் குழப்பும், ஊசியும் குட்டை. பயத்தில் கை நடுங்கும்போது ஆம்பியூலின் கழுத்தை உடைப்பதே பெரும்பாடு. ஆகவே கிளினிக்கிலேயே உப்புநீர் ஆம்பியூலை உடைத்து, சிரிஞ்சில் ஏற்றி, ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகச் சொல்கிறேன்.

அப்புறம், அதை யார் வைத்திருப்பது? எப்படியும் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) தண்ணீரில் இறங்காமல் நிழலில் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் குழந்தை ஆடும் குளத்தருகே உட்காரட்டும், பை அவர் மடியில் இருக்கட்டும், ஊசி போடவும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். அவரால் முடியாதென்றால் பெரியவர்களில் ஒருவர் நனையாமல் இருக்கட்டும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் இந்த மருந்தை வைக்கவே கூடாது. ஐஸ்கட்டி மேலும் வைக்க வேண்டாம்.

சாப்பாட்டு விஷயம் இதைவிடச் சிக்கல். “கடலை போடுவீங்களா?” என்று பரிமாறுபவரைக் கேட்டால், “அதெல்லாம் இல்லீங்க” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சட்னி அரைத்தது அவரல்ல. மாஸ்டரைப் பார்த்து, சட்னியில் என்னென்ன அரைத்தீர்கள், குருமாவுக்கு எதை அரைத்து ஊற்றினீர்கள், என்ன எண்ணெய் என்று தனித்தனியாகக் கேளுங்கள். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. ஆனால் உடம்புக்கு நல்லதென்று நாம் தேடிப் போகும் மரச்செக்குக் கடலை எண்ணெயில் அது தங்கியிருக்கும். பஃபேயில் கடலைச் சட்னிக் கரண்டியை யாராவது தேங்காய்ச் சட்னியில் போட்டுவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். கடும் ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு பஃபே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பாக்கெட் உணவில் ஒவ்வாமைப் பொருளை அச்சிட வேண்டுமென்று 2020-இல் வந்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி சொல்கிறது. பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, எள் இல்லை. எள் ஒவ்வாமை என்றால் பொருட்பட்டியல் முழுவதையும் படித்தாக வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் கடலைப் புரதத்தை அகற்றாது. வெளி உணவை விடாத இடங்கள் உண்டு என்பதால் முன்கூட்டியே போனில் பேசி, மருத்துவர் கடிதத்தோடு வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு போங்கள். வாசலில் வாக்குவாதம் இருக்காது.

ஒருவேளை ஒவ்வாமை வந்துவிட்டால், ஊசியைப் போட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம், நடக்க விடாதீர்கள். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. அதனால் ஆம்பியூல் இரண்டு வேண்டும். விடுமுறையில் ஊட்டி வண்டிகளால் மேட்டுப்பாளையம் எப்படி அடைத்துக்கிடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் வந்த பிறகு பார்க்கலாம் என்று ஊசியைத் தள்ளிப்போட முடியாது. குழந்தை எழுந்து சிரித்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்பதால் அங்கே இருக்க வைத்துப் பார்ப்பார்கள். ஊசி போட்ட நேரத்தைப் பேனாவால் குழந்தையின் கையிலேயே எழுதிவிடுங்கள். அங்குள்ள மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.