வெள்ளியில் ஒரு நாள்

வெள்ளிக் கோளில் ஒரு வருடத்தைவிட ஒரு நாள் நீளம். அரட்டைக்கு நடுவே யாராவது இதை எடுத்துவிட்டால், "அட, நிஜமாவா?" என்று நாலு பேராவது கேட்பார்கள். பூமியில் வருடத்துக்கு 365 நாள் என்று சொல்லிப் பாருங்கள். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டுமே கோள்கள் சுழலும் கணக்குதான். ஒன்றுக்கு மட்டும் ஏன் புருவம் உயர்கிறது?

மூளை ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கும் உறுப்பு. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கும். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்தபோது இது அழகாகத் தெரிந்தது. எதிர்பாராமல் ஒரு சொட்டு பழச்சாறு கிடைத்தால் அந்த அணுக்கள் படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, சாறு வரும் நேரத்தில் சலனமே இல்லை. துடிப்பு விளக்கு எரியும் நேரத்துக்கு இடம் மாறியிருந்தது. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால் வழக்கமான துடிப்புகூட அடங்கியது. நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் அவை அளந்துகொண்டிருந்தன. இதைக் கணிப்புப் பிழை என்கிறார்கள்.

துணுக்குக் கேள்விகளிலும் டோபமைனோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் விழிக்கின்றன. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், விடை தெரிய ஆவலாக இருந்தவர்களுக்கு விடை நன்றாக நினைவில் நின்றது. காத்திருந்த நேரத்தில் காட்டப்பட்ட, கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத முகங்களும் கூடவே பதிந்துவிட்டன. ஆவல் திறந்த கதவில் பக்கத்தில் நின்றவரும் நுழைந்துவிட்ட மாதிரி.

வியக்க வேண்டுமென்றால் முதலில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தாக வேண்டும். ஆக்டோபஸின் ரத்தத்தில் ஹீமோசயனின் இருக்கிறது என்றால் பெரும்பாலோருக்கு அது வெறும் பெயர். அந்த ரத்தம் நீலம் என்று சொன்னால் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போடும். சேதி ஒன்றேதான்: ஹீமோசயனினில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால்தான் அந்த நீலம். ஆனால் 'ரத்தம் என்றால் சிவப்பு' என்ற நம்பிக்கையை இரண்டாவது வாக்கியம்தான் இடிக்கிறது.

இந்த இடியில் உண்மைக்குத் தனிச் சலுகை கிடையாது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் உலவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். பொய்களில் புதுமை கூடுதலாக இருந்ததும் தெரிந்தது. பொய்க்குக் கற்பனை போதுமே!

உண்மையான துணுக்குகளும் கைமாறக் கைமாறச் சதை உதிர்ந்து எலும்பாகின்றன. வியப்பைக் குறைக்கும் வால்தான் முதலில் உதிரும். ஆரம்பத்தில் சொன்ன வெள்ளிக்கும் அப்படி ஒரு வால் உண்டு. அது தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாள், சூரியனைச் சுற்ற 225. அதுவரை சரி. ஆனால் நாள் என்பதை ஒரு சூரிய உதயத்திலிருந்து மறு உதயம் வரை என்று எடுத்துக்கொண்டால், வெள்ளியின் நாள் சுமார் 117 பூமி நாள்தான். ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ இரண்டு அடங்கிவிடும். பெரும்பாலான கோள்களுக்கு எதிர்த்திசையில் அது சுழல்வதே காரணம்.

அதே காரணத்தால் அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும். தரையில் நின்று பார்க்க முடியாது, கந்தக அமில மேகம் மறைத்துவிடும்.