கொலஸ்ட்ரால் வேறு, கொழுப்பு வேறு

தொண்டிக் கடைத்தெருவில் தேங்காய் எண்ணெய்ப் பொட்டலம் ஒன்றில் 'கொழுப்பு அற்றது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எண்ணெய் முழுக்கக் கொழுப்புதான். அதை நீக்கினால் மிஞ்சுவது வெறும் பொட்டலம். கொலஸ்ட்ரால் இல்லை என்று சொல்ல வந்த மொழிபெயர்ப்பாளர் செய்த வேலை இது.

கிரேக்கத்தில் 'கோலே' பித்தம், 'ஸ்டீரியோஸ்' கெட்டியானது. பித்தக்கல்லில் கண்ட பொருளுக்கு பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இட்ட பெயரின் வழிவந்தது கொலஸ்ட்ரால். 'ஆல்' பின்னர் சேர்ந்த விகுதி.

கொழுப்பு உடலுக்கு எரிபொருள், கிராமுக்கு 9 கலோரி. கொலஸ்ட்ரால் எரியாது, செல் சவ்வுக்கும் பித்தநீருக்கும் ஹார்மோன்களுக்கும் மூலப்பொருள். உண்ட கொழுப்பு ஏறத்தாழ முழுவதும் குடலில் உறிஞ்சப்படுகிறது. கொலஸ்ட்ராலில் சராசரியாகப் பாதிதான் உள்ளே போகிறது. அந்தப் பங்கும் ஆளுக்கு ஆள் மாறும். உள்ளே இழுக்கும் புரதம், குடலுக்கே திருப்பித் தள்ளும் புரதம் இரண்டையும் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ஒரே சட்டி இறால் குழம்பைத் தின்ற அண்ணன் தம்பிக்கு வேறுவேறு அளவு வரலாம்.

நம் கரைக்கு இந்தக் குழப்பம் சாப்பாட்டுப் பிரச்சினை. இறாலில் கொழுப்பு மிகக் குறைவு, கொலஸ்ட்ரால் அதிகம். தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டும் கீழக்கரைத் துதல் இனிப்பில் கொழுப்பு ஏராளம். தேங்காயில் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனாலும் தேங்காயின் நிறைவுற்ற கொழுப்பு, இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலைக் கல்லீரல் வாங்கிக்கொள்வதைக் குறைப்பதால் இரத்தத்தில் அளவு ஏறுகிறது. 'இரத்தத்தில் கொழுப்பு' என்று கேட்டுவிட்டு வந்தவர் இறாலை ஒதுக்குகிறார், 'கொழுப்பு அற்ற' எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறார்.

இதைவிடக் கொடுமை 'பரம்பரைக் கொழுப்பு' என்று ஒரு நோய்க்கு இட்ட பெயர். இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலைச் செல்லுக்குள் வாங்கும் ஏற்பி என்ற புரதத்தின் மரபணு பழுதுபட்டு, ஒல்லியானவருக்கும் இளம் வயதிலேயே மாரடைப்பு வரக்கூடிய நோய் அது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் ஒருவரைப் பார்த்துப் பரம்பரைக் கொழுப்பு என்றால் கைகலப்புதான் வரும்!

'பித்தக்கொழுப்பு' என்று ஆக்கலாமே என்பார்கள். வேர்ச்சொல்லை மதிக்கிறது, சரி. ஆனால் கொழுப்பு அதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பித்தம் என்றதும் நம்மவர்கள் தலைசுற்றலை நினைத்து இஞ்சி தட்டப் போய்விடுவார்கள். தனித்தமிழில் எனக்குப் பற்று உண்டு. பொருளைத் திரிக்கும் தமிழைவிடக் கொலஸ்ட்ரால் என்றே எழுதுவது தமிழுக்கும் நல்லது.

பரிசோதனைச் சீட்டில் டிரைகிளிசரைடு என்று ஒரு வரி இருக்கிறதே, உண்மையில் கொழுப்பு அதுதான். கொலஸ்ட்ராலுக்குக் கொழுப்பு என்று எழுதிப் பழகியவர்கள் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?