பகடையில் விழுந்த 15: பேசிக் மொழியில் மேக்ரோ செய்யும் வேலை

பகடையை ஒரு முறை உருட்டு, விழுந்த எண்ணின் வர்க்கத்தைத் திரையில் காட்டு. பேசிக் மொழியின் ஒரு வடிவமான ஃப்ரீபேசிக்கில் எழுதிய ஒரு சின்ன நிரலுக்கு இவ்வளவுதான் வேலை. 1, 4, 9, 16, 25, 36 இவற்றில் ஒன்றுதான் விடையாக வர முடியும். ஆனால் திரையில் 15 வருகிறது. மறுபடி ஓட்டினால் 12. அப்புறம் 4, அப்புறம் 10. பகடை உருட்டும் பகுதியை எத்தனை முறை சரிபார்த்தாலும் அதில் பிழையே இல்லை.

கோளாறு இந்த வரியில் இருக்கிறது:

#டிஃபைன் வர்க்கம்(எண்) ((எண்) * (எண்))

(கட்டளைகளையும் பெயர்களையும் இங்கே தமிழெழுத்தில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

இது ஒரு மேக்ரோ. பார்த்தால் ஃபங்ஷன் (மதிப்பை வாங்கி விடையைத் தரும் துணைநிரல்) போலவே இருக்கும், அழைக்கும் விதமும் அதேதான். ஆனால் ஃபங்ஷனிடம் போய்ச் சேர்வது மதிப்பு, மேக்ரோவிடம் போய்ச் சேர்வது எழுத்து. வர்க்கம் ஒரு ஃபங்ஷனாக இருந்திருந்தால், நிரல் ஓடும்போது முதலில் பகடை உருளும், 3 விழும், அந்த 3 மட்டும் உள்ளே போகும், 9 வெளியே வரும். மேக்ரோவின் வேலையோ நிரல் ஓடத் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. கம்பைலர் நாம் எழுதியதைப் படித்துக்கொண்டே வரும்போது வர்க்கம்(பகடை()) என்ற இடத்தைப் பார்த்ததும், அதை எடுத்துவிட்டு ((பகடை()) * (பகடை())) என்று எழுதிக்கொள்கிறது. அப்புறம்தான் அதை இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. நாம் ஒரு முறை எழுதிய பகடை இப்போது இரண்டு முறை உருள்கிறது. ஒன்றில் 3, இன்னொன்றில் 5. பெருக்கினால் 15.

இந்தப் பிழை நன்றாக ஒளிந்துகொள்ளவும் செய்யும். இரண்டு பகடைகளும் விழக்கூடிய 36 விதங்களில் 8 விதங்களில் விடை ஒரு வர்க்க எண்ணாகவே அமையும். ஒன்றும் நான்கும் விழுந்தால்கூட விடை 4தான். ஓரிரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று நம்பிவிட முடியும்.

அடைப்புக்குறிகள் ஏன் இத்தனை என்று தோன்றலாம். அவை இல்லாமல் எண் * எண் என்று மட்டும் எழுதிப் பாருங்கள். வர்க்கம்(2 + 3) என்பது 2 + 3 * 2 + 3 என்று விரியும். பெருக்கல் முந்திக்கொள்வதால் விடை 25க்குப் பதில் 11. உள்ளே மட்டும் குறி போட்டு வெளியே விட்டுவிட்டால், 100 / வர்க்கம்(5) என்பது 100 / (5) * (5) ஆகும். இடமிருந்து வலமாகக் கணக்கிட்டால் 100. வர வேண்டியது 4. மேக்ரோவுக்குக் கணக்குத் தெரியாது. பெயரைக் கண்டால் எழுத்தை மாற்றி வைப்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதும் இல்லை. ஒரு கட்டுரையில் ‘கல்’ என்பதைத் தேடி எல்லா இடத்திலும் ‘பாறை’ என்று மாற்றினால், ‘கல்லூரி’ ‘பாறைலூரி’ ஆகிவிடும், ‘கல்யாணம்’ ‘பாறையாணம்’ ஆகிவிடும். மேக்ரோ இப்படிச் செய்வதில்லை. கம்பைலர் நிரலை எழுத்தெழுத்தாக வாங்கி முதலில் சொற்களாகப் பிரித்துவிடுகிறது. முழுச்சொல்லாகப் பொருந்தினால்தான் மாற்றம் நடக்கும். மேற்கோள்குறிக்குள் இருப்பதையும், குறிப்புரைகளையும் அது தொடாது.

இந்த உத்தி பேசிக்கைவிடப் பழையது. 1950களிலேயே, இயந்திரக் கட்டளைகளுக்கு நெருக்கமான அசெம்ப்ளி மொழியில் எழுதியவர்கள், திரும்பத் திரும்ப வரும் கட்டளைத் தொகுப்புக்கு ஒரு பெயர் வைத்து அதை விரித்துக்கொண்டார்கள். 1960இல் கணினியியலாளர் டக் மெக்கில்ராய், உயர்நிலை மொழிகளிலும் இதைச் செய்யலாம் என்று விரிவாக எழுதினார். சி மொழிக்கு 1972–73 வாக்கில் #டிஃபைன் வந்தது. 1964இல் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக்கில் மேக்ரோ இல்லை. டெஃப் என்ற கட்டளையால் ஒரு வரியில் சின்ன ஃபங்ஷன் எழுதலாம், அவ்வளவுதான். பின்னால் வீட்டுக் கணினிகளில் பரவிய பேசிக்குகள் பெரும்பாலும் வரிக்கு வரி படித்து அங்கேயே நிறைவேற்றும் வகை. கம்பைல் செய்யும் நேரம் என்று தனியாக ஒன்று இல்லாத இடத்தில் இந்த மாற்று வேலைக்கும் இடமில்லை. 2004இல் வந்த ஃப்ரீபேசிக் சி மொழியின் பாணியில் இதை எடுத்துக்கொண்டது. பல வரிகள் வேண்டுமென்றால் #மேக்ரோ என்று தொடங்கி #எண்ட்மேக்ரோ என்று முடிக்கலாம்.

பேசிக்குக்கே உரிய ஆபத்து ஒன்றும் கூடவே வந்து சேர்ந்தது. சி மொழியில் மேக்ரோ பெயர்களைப் பெரிய எழுத்திலும் மாறிகளை (மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயர்களை) சின்ன எழுத்திலும் எழுதுவது வழக்கம். இரண்டும் மோதாது. பேசிக்கிலோ பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். பெரிய எக்ஸை 10 என்று மாற்றச் சொல்லிவிட்டு, இருநூறு வரி தள்ளிச் சின்ன எக்ஸ் என்று ஒரு மாறியை அறிவித்தால், அந்த இடத்திலும் 10 வந்து உட்காரும். கம்பைலர் காட்டும் பிழை, பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத வரியில் இருக்கும். அதனால் மேக்ரோவுக்கு நீளமான, வேறெங்கும் வராத பெயரை வைப்பதுதான் நல்லது.

இவ்வளவு தொல்லை இருந்தும் மேக்ரோவை நான் விடமாட்டேன். எழுத்தைப் பார்ப்பதால்தான் அதனால் முடிகிற வேலைகளும் இருக்கின்றன. இதைப் பாருங்கள்:

#டிஃபைன் காட்டு(கோவை) பிரிண்ட் #கோவை; " = "; கோவை

கோவை என்பது ‘விலை * 3’ போன்ற ஒரு கணக்கு. ஒரு பெயருக்கு முன்னால் # போட்டால், அங்கே வந்த எழுத்துகள் அப்படியே மேற்கோள்குறிக்குள் போய்விடும். காட்டு(விலை * 3) என்று எழுதினால் திரையில் ‘விலை * 3 = 45’ என்று வரும். கோவையும் தெரிகிறது, அதன் மதிப்பும் தெரிகிறது. எந்த ஃபங்ஷனாலும் இதைச் செய்ய முடியாது. அதன் கைக்கு வருவது 45 மட்டுமே. அது எதிலிருந்து வந்தது என்ற தடயம் அதற்குள் அழிந்துபோயிருக்கும். பிழை தேடும் நாட்களில் இந்த ஒரு வரி எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்.

#இஃப்டெஃப் இன்னொரு வசதி: ஒரு பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் தனக்குள் இருக்கும் வரிகளைக் கம்பைலுக்கு விடும். விண்டோஸில் மட்டும் இருக்கும் வசதியை அழைக்கும் வரிகளைச் சாதாரண இஃப்புக்குள் வைத்தால், லினக்ஸில் கம்பைல் செய்யும்போது அந்தப் பெயர் தெரியாமல் கம்பைலர் நின்றுவிடும். #இஃப்டெஃப்பில் வைத்தால், தேவையில்லாத பக்கம் கம்பைலுக்கே போகாது.

மேக்ரோ எப்படி விரிந்தது என்று சந்தேகம் வந்தால் மனத்துக்குள்ளேயே விரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஃப்ரீபேசிக் கம்பைலரை -பிபி என்ற தெரிவோடு ஓட்டினால், கம்பைல் செய்யாமல் மாற்றங்கள் முடிந்த நிரலை மட்டும் ஒரு கோப்பாக எழுதித் தரும். நம் பகடை நிரலுக்கு இதைச் செய்து கோப்பைத் திறந்தால், வர்க்கம் என்ற சொல்லே அதில் இருக்காது. அது இருந்த இடத்தில் பகடை() இரண்டு முறை அருகருகே நிற்கும். திருத்துவது சுலபம்: முதலில் வீச்சு = பகடை() என்று ஒரு மாறியில் வாங்கிவைத்துவிட்டு, அடுத்த வரியில் வர்க்கம்(வீச்சு) என்று கேளுங்கள். அந்த மாறியை எத்தனை முறை படித்தாலும் பகடை மறுபடி உருளாது.