க்ளெனோட கண்ணும் டேரிலோட முகமும்

போன வருஷம் என்கிட்ட மனநல ஆலோசனைக்கு ஒரு பையன் வந்தான், 24 வயசு, ஐடி கம்பெனியில நைட் ஷிஃப்ட். (ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு இந்த பதிவுல சில விவரங்களை மாத்தி தான் எழுதுறேன்.) அம்மா தான் கூட்டிட்டு வந்தாங்க, "சாப்பிட உக்காந்தா பாதியிலயே எந்திரிச்சிடுறான் மேடம், ராத்திரி லைட்ட போட்டுக்கிட்டு தான் படுக்கிறான், கேட்டா ஒண்ணுமில்லன்றான்"னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சாங்க. அவன் தரையையே பாத்துட்டு இருந்தான். அம்மாவை வெளிய உக்கார சொன்னதுக்கு அப்புறம் தான் வாயை திறந்தான், "ஒரு சீரிஸ் பாத்ததுல இருந்து இப்படி இருக்கு மேடம், சொன்னா சிரிப்பீங்க."

சிரிக்கல. தி வாக்கிங் டெட், ஏழாவது சீசன், முதல் எபிசோட்னு சொன்னான். அந்த ஒரே எபிசோடை சொல்லி என்கிட்ட வந்த மூணாவது ஆள் அவன்.

பாக்காதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். அமெரிக்காவுல ஏஎம்சி சேனல்ல 2010 அக்டோபர் 31, ஹாலோவீன் அன்னிக்கு ஆரம்பிச்சு 2022 நவம்பர் வரைக்கும் ஓடின தொடர், 11 சீசன், 177 எபிசோட். ராபர்ட் கிர்க்மேன் எழுதின காமிக்ஸை வச்சு எடுத்தது. செத்தவங்க எந்திரிச்சு நடக்குற உலகம், அதுல மிஞ்சின கொஞ்சம் பேர் எப்படி பொழைக்கிறாங்கன்றது கதை. முதல் எபிசோட்ல இருந்தே மண்டையில கத்தி இறங்கும், குடல் வெளிய வரும், வாரத்துக்கு குறைஞ்சது பத்து தலையாவது உருளும், அதை பாத்துட்டே இட்லி சாப்பிட்டவங்க எனக்கு தெரிஞ்சு நிறைய பேர் (என் வீட்டுக்காரரும் அதுல ஒருத்தர்). ஆறு சீசன் அவ்ளோ ரத்தம் பாத்தும் இந்த பையன் நல்லா தூங்கிட்டு தான் இருந்தான்.

அப்ப அந்த எபிசோட்ல மட்டும் என்ன ஆச்சு? அதுல வன்முறை அத்துமீறிச்சா?

2016 ஏப்ரல்ல ஆறாவது சீசன் கடைசி எபிசோட். நேகன்னு ஒரு வில்லன், கையில முள்கம்பி சுத்தின பேஸ்பால் மட்டை, அதுக்கு லூசில்னு பேரு வேற. நமக்கு பிடிச்ச அத்தனை பேரையும் வட்டமா முட்டி போட வச்சு, ஒருத்தரை தேர்ந்தெடுத்து அடிக்கிறான். யாரை அடிச்சான்னு காட்டல. அடி வாங்குறவரோட கண்ணு வழியா கேமரா, லென்ஸ் மேல ரத்தம் வழியுது, அவ்ளோ தான், கட். அக்டோபர் 23 வரைக்கும் ஆறு மாசத்துக்கு மேல ஜனங்களை காக்க வச்சாங்க. அன்னிக்கு அமெரிக்காவுல மட்டும் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் டிவி முன்னாடி உக்காந்தாங்க. முதல்ல அந்த கூட்டத்துல இருந்த ஆபிரகாம் செத்தாரு. சரி முடிஞ்சதுன்னு நினைக்கிறப்ப, கோவம் தாங்காம அதே கூட்டத்துல இருந்த டேரில் எந்திரிச்சு நேகனை ஒரு குத்து விட்டான். அதுக்கு தண்டனைன்னு சொல்லி நேகன் திரும்பி க்ளென் தலையில அடிச்சான். க்ளென் முதல் சீசன்ல இருந்து வர்றவன், பீட்சா டெலிவரி பண்ணிட்டு இருந்த பையன், பொண்டாட்டி மேகி மாசமா இருக்கா, அவளும் அங்கயே முட்டி போட்டிருக்கா. ஒரு கண்ணு வெளிய பிதுங்கி நிக்குது, வாய் குளறுது, அந்த நிலைமையில அவ கிட்ட பேச பாக்குறான். கேமரா திரும்ப திரும்ப அவன் முகத்துக்கே வருது.

அந்த கண்ணு காமிக்ஸ்ல 2012லயே, நூறாவது இதழ்லயே வரைஞ்சது தான். எபிசோடை இயக்கின கிரெக் நிகோடேரோ ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் மேக்கப்ல பழம் தின்னு கொட்டை போட்டவர், அதனால பேப்பர்ல இருந்ததை அப்படியே சதையா கொண்டு வந்துட்டார். ஆனா பேப்பர்ல பிடிக்கலைன்னா நாமளே பக்கத்தை திருப்பிடலாம். எவ்ளோ நேரம் பாக்கணும்னு நாம முடிவு பண்றோம். ஸ்கிரீன்ல அதை டைரக்டர் முடிவு பண்றார், அது ரொம்ப பெரிய வித்தியாசம், அதை யாரும் பேசறது இல்ல.

வாக்கர், அதாவது அந்த நடக்குற பிணம், செத்தா நமக்கு வலிக்காது, ஏன்னா அதுக்கு மூஞ்சியில ஆள் இல்ல, மூளை அதை பொருளா தான் எடுத்துக்குது. க்ளென் அப்படி இல்ல, ஆறு வருஷம் வாரா வாரம் நம்ம வீட்டு ஹாலுக்கு வந்துட்டு போனவன். இந்த பையன் மாதிரி ஓடிடில மொத்தமா பாக்குறவங்களுக்கு இன்னும் மோசம், ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் நாலு மணி நேரம் க்ளென் கூடவே வாழ்ந்திருக்காங்க. கூட வேலை பாக்குறவங்களை விட அதிக நேரம் க்ளென் முகத்தை பாத்திருக்காங்க, அது நடுராத்திரி, தனி ரூம், ஹெட்ஃபோன் வேற.

நம்ம ஊர்ல இந்த மாதிரி பேச்சு வந்தாலே அப்பா அம்மா கேக்குற முதல் கேள்வி, இதையெல்லாம் பாத்தா பையன் முரடா ஆயிடுவானா மேடம்? 1961ல உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா, போபோன்ற காத்தடைச்ச பொம்மையை பெரியவங்க அடிக்கிறதை பாத்த குழந்தைங்களும் அதே மாதிரி அடிச்சதை காட்டினதுல இருந்து இந்த சண்டை இன்னும் முடியல, திரை வன்முறைக்கும் நிஜ அடிதடிக்கும் எவ்ளோ தொடர்புன்னு ஆராய்ச்சியாளர்களே ரெண்டு கட்சியா நிக்கிறாங்க. என் அனுபவத்துல, தி வாக்கிங் டெட் பாத்துட்டு யாரையாவது அடிச்சேன்னு ஒருத்தர் கூட வந்தது இல்ல. தூக்கம் போயி வந்தவங்க இருக்காங்க, சத்தம் கேட்டா திடுக்குனு ஆகுறவங்க இருக்காங்க. நாம தப்பான பயத்தை பயந்துட்டு இருக்கோம்னு தான் எனக்கு தோணுது.

இன்னொரு பக்கம், "வெறும் படம் தானே"ன்னு சொல்றவங்க. படம் பாத்து பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனநோய்) வந்துடுச்சுன்னு நெட்ல எழுதுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், 2013ல வந்த டிஎஸ்எம்-5, அதாவது மனநோய்களை கண்டறிய நாங்க பாக்குற கையேடு, டிவி, சினிமா மூலமா பாத்ததை அந்த நோய்க்கான காரணமா ஏத்துக்காது, வேலை நிமித்தமா பாக்க வேண்டியிருந்தா மட்டும் தான் விதிவிலக்கு. அதனால என் நோட்ல நான் அப்படி எழுத மாட்டேன். ஆனா வேடிக்கை என்னன்னா, கொடூரமான நினைவு எப்படி திரும்ப திரும்ப மனசுல வருதுன்னு ஆராய்ச்சி பண்றவங்களே லேப்ல ஆரோக்கியமான ஆளுங்களுக்கு பயங்கரமான ஃபிலிம் காட்டி தான் சோதனை பண்றாங்க, அந்த காட்சிகள் அடுத்த சில நாளைக்கு அவங்களுக்கு தானா வந்துட்டு போகும். 2009ல எமிலி ஹோம்ஸ் குழு அப்படி ஃபிலிம் காட்டிட்டு கொஞ்ச நேரத்துல டெட்ரிஸ்ன்ற கட்டம் அடுக்குற வீடியோ கேம் விளையாட வச்சு, அப்படி வர்ற காட்சிகள் குறையுதுன்னு காட்டினாங்க. ஃபிலிமுக்கு அந்த சக்தி இல்லைன்னா இந்த ஆராய்ச்சியே நடந்திருக்காது இல்லையா. பெரும்பாலானவங்களுக்கு சில நாள்ல அடங்கிடும், சிலருக்கு அடங்காது.

குழந்தைங்க விஷயம் தனி. எட்டு வயசு பொண்ணு ஒருத்தி, அவ முழு எபிசோட் கூட பாக்கல, பெரியம்மா பையன் போன்ல அந்த க்ளென் கிளிப்பை மட்டும் காட்டி "பயந்தாங்கொள்ளி"ன்னு கிண்டல் பண்ணியிருக்கான். ரெண்டு மாசம் பாத்ரூமுக்கு தனியா போகல. 1999ல ஹாரிசன், கேன்டர்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்க கிட்ட சின்ன வயசுல பாத்த பயமுறுத்துற படம் பத்தி கேட்டாங்க, பத்துல ஒம்பது பேர் ஏதோ ஒண்ணை சொன்னாங்க, ஏறத்தாழ கால்வாசி பேருக்கு அந்த பயம் இன்னும் மிச்சம் இருந்துச்சு. ரொம்ப சின்ன குழந்தைக்கு "அது பொய்டா"ன்னு எவ்ளோ விளக்கினாலும் ஏறாது, மடியில உக்கார வச்சுக்கிறது தான் வேலை செய்யும். இந்த பொண்ணு வயசுல விளக்கம் கொஞ்சம் கொஞ்சமா ஏற ஆரம்பிக்கும், அதனால மேக்கப் போடுறதை காட்டுற ஒரு வீடியோவை, நான் முன்னாடியே பாத்து வச்சு, அவ கூட உக்காந்து போட்டேன். ரப்பர் தோல், பெயிண்ட், பொம்மை கண்ணு. அடுத்த தடவை வரும்போது களிமண்ல ஒரு கண்ணு செஞ்சு எடுத்துட்டு வந்தா, என் டேபிள்ல இப்பவும் இருக்கு.

2021ல வந்த ஐடி விதிகள்படி ஓடிடி தளங்கள் 7+, 13+, 16+, ஏ-ன்னு வயசு போடணும், 13+ல இருந்து பேரண்டல் லாக் வசதி குடுக்கணும். அந்த லாக்கை போட்டு வச்சிருக்கவங்களை நான் அபூர்வமா தான் பாக்குறேன், போட்டவங்க வீட்டுலயும் பின் நம்பர் குழந்தைக்கு தெரிஞ்சிருக்கு! அப்புறம் போன்ல சுத்துற முப்பது செகண்ட் கிளிப்புக்கு எந்த வயசும் போட்டு வர்றது இல்ல, கதையும் இல்லாம, க்ளென் யாருன்னும் தெரியாம, வெறும் அடி மட்டும் வருது.

ஆனா எல்லாருக்கும் இது கெடுதல்னு சொல்ல மாட்டேன். கொரோனா சமயத்துல நடத்தின ஒரு ஆய்வு 2021ல வெளிவந்துச்சு, ஹாரர் ரசிகர்களுக்கு மன உளைச்சல் குறைவா இருந்ததா சொல்லுது, ஜோம்பி படம் பாக்குறவங்க கொஞ்சம் தயாராவும் இருந்தாங்களாம். எனக்கு தெரிஞ்ச ஒரு ஐசியூ நர்ஸ் டூட்டி முடிஞ்சு வந்து இந்த தொடரை போட்டா தான் தூக்கம் வருதுன்னு சொல்லுவாங்க, அவங்களை போயி பாக்காதீங்கன்னு நான் ஏன் சொல்லணும்.

அத்துமீறிச்சா இல்லையான்னு நேரடியா கேட்டா, அந்த எபிசோட்ல அத்துமீறிச்சு, ஆனா ரத்தத்தை வச்சு நான் அதை சொல்லல. இதே தொடர்ல 2014 மார்ச்ல வந்த ஒரு எபிசோட், லிசின்னு ஒரு சின்ன பொண்ணு தன் தங்கச்சியை கொன்னுட்டு, திரும்ப எழுந்திருப்பான்னு சிரிச்சுட்டு நிப்பா. வேற வழி இல்லாம, அவளை பாத்துக்கிட்டு இருந்த கேரல் அவளை "பூவை பாரு"ன்னு சொல்லி சுடுவா. குண்டு பாயுறதை கூட காட்ட மாட்டாங்க. எனக்கு அது க்ளென் சாவை விட ரொம்ப நாள் வலிச்சுச்சு, ஆனா அந்த வலி அந்த குழந்தையை நினைச்சு வர்ற வலி. க்ளென் விஷயத்துல அவன் சாவுக்கு முந்தின வருஷமே குப்பைத்தொட்டிக்கு கீழ அவன் செத்துட்டான்னு நம்ப வச்சு சில வாரம் ஏமாத்தினாங்க, அப்புறம் யாருன்னு காட்டாம ஆறு மாசம் இழுத்தாங்க, அதுக்கப்புறம் தான் அந்த கண்ணு. பாக்குறவனை கூட்டத்துல ஒருத்தனா முட்டி போட வச்சிட்டாங்க. அந்த கதாபாத்திரங்க எவ்ளோ உடைஞ்சு போனாங்கன்னு நாமளும் உணரணும்னு தான் அவ்ளோ கடுமையா எடுத்தோம்னு தொடரோட தலைமை பொறுப்புல இருந்த ஷோரன்னர் ஸ்காட் கிம்பிள் தரப்பு விளக்கம், அதுல நியாயம் இல்லாம இல்ல. ஆனா 2017 ஜனவரியில தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்ட், அந்த எபிசோடுக்கு வந்த எதிர்ப்புக்கு அப்புறம் ஷூட்டிங் நடந்துட்டு இருந்த எபிசோட்கள்ல வன்முறையை குறைச்சோம்னு பொதுவெளியில சொன்னாங்க. க்ளென் செத்த எபிசோடுக்கு அடுத்த வாரமே பாக்குறவங்க சுமார் 1 கோடியே 25 லட்சமா இறங்கியிருந்துச்சு, அது முழுக்க இதனால தான்னு சொல்ல மாட்டேன், அந்த சீசனே ஜவ்வு மாதிரி இழுத்துச்சு.

பையன் விஷயத்துக்கு வர்றேன். மூணாவது தடவை வந்தப்ப கேட்டேன், கண்ணை மூடினா அந்த சீன்ல எந்த ஃப்ரேம் வருது? க்ளெனோட கண்ணுன்னு தான் சொல்லுவான்னு நினைச்சேன், நோட்லயும் பாதி எழுதிட்டேன். அவன் "டேரில்"னான். க்ளென் அடி வாங்குறப்ப டேரில் மூஞ்சி. தான் குத்தினதால தான் இவன் சாகுறான்னு தெரிஞ்சுட்டு நிக்கிற அந்த மூஞ்சி.

அப்புறம் தான் அப்பா பத்தி சொன்னான். மூணு வருஷத்துக்கு முன்னாடி பைக்ல விழுந்து தலையில அடிபட்டு இறந்துட்டார். வீட்டுல இருந்தது ஒரே ஹெல்மெட், அன்னிக்கு அதை இவன் ஆபீசுக்கு எடுத்துட்டு போயிருந்தான். இதை அம்மா கிட்ட கூட அவன் சொன்னது இல்ல, அம்மாவுக்கு தெரியாமலா இருக்கும், ஆனா ரெண்டு பேரும் பேசிக்கல. அந்த தொடர் இதை உண்டாக்கல, ஏற்கனவே இருந்த காயத்து மேல கையை வச்சிருச்சு. அதனால தான் யாராவது "அந்த சீன் மறக்க முடியல"ன்னு வந்தா, ஒரு மாசம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் கெடுதுன்னா, சீரியலை நிறுத்துன்னு திட்டாம எந்த இடம் மறக்க முடியலைன்னு கேளுங்க, இல்ல எங்களை மாதிரி யாரையாவது கேக்க விடுங்க.

பல மாசம் ஆச்சு. அவன் ஏழாவது சீசன் முதல் எபிசோட்லயே நிறுத்தியிருந்தான், அதனால அவனுக்கு தெரியாது, அதே சீசன் பதினாலாவது எபிசோட்ல டேரில் மேகி கிட்ட மன்னிப்பு கேட்டு அழுவான், அவ "உன் தப்பு இல்ல"ன்னு சொல்லுவா. நான் சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சுட்டே இருந்தேன், கடைசியில அவனே ஒரு நாள் பாத்துட்டு வந்தான். அம்மாவை பக்கத்துல உக்கார வச்சுட்டு பாத்தானாம், அவங்க திரையில அழுற டேரிலை காட்டி "இவன் யாருடா, என்ன பண்ணான்"னு கேட்டிருக்காங்க. ஆறு சீசன் கதையை சொல்லி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு மேடம், நடுவுல ஹெல்மெட் கதையும் வந்துடுச்சுன்னான்.