பிரேக்கர் கண்ணில் படாத அரை வோல்ட்

"எங்கள் கட்டடத்துக்குப் பராமரிப்புக்கு வந்தவர்கள் மெயின் பேனலைத் திறந்து, ஏதோ கேமராவில் படம் பிடித்தார்கள். ஒரு டெர்மினலை மட்டும் உடனே சரிசெய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பிரேக்கர் ஒரு தடவைகூட ட்ரிப் ஆனதில்லை. லிஃப்ட், ஏசி, பம்பு எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. நிஜமாகவே கோளாறா, இல்லை பில் போட ஒரு சாக்கா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு குட்டிச் சந்தேகமும்: "பளபளப்பான செம்புப் பட்டையில் (பஸ்பாரில்) எதற்குக் கறுப்பு டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டி வைத்திருக்கிறார்கள்?"

கோளாறுதான். டேப்புக்குக் கடைசியில் வருகிறேன்.

எங்கே தீப்பிடித்தாலும் 'மின்கசிவே காரணம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகளைப் போட்டு மூடிவிட்டோம் என்பது என் பழைய புகார். மின்னோட்டம் தன் பாதையை விட்டு எர்த்துக்கோ, தொட்ட ஆளின் உடம்புக்கோ போனால் அது கசிவு. போனதற்கும் திரும்பி வந்ததற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே ஆர்சிசிபி என்ற கசிவுக் காவல் ஸ்விட்ச் துண்டித்துவிடும். பேஸும் நியூட்ரலும் நேராக ஒட்டிக்கொண்டால் அது ஷார்ட் சர்க்யூட். ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், கண் இமைப்பதற்குள் பிரேக்கர் விழுந்துவிடும். மூன்றாவது லூஸ் காண்டாக்ட். இதில் மின்னோட்டம் எங்கேயும் கசிவதில்லை, கூடுவதும் இல்லை. ஆகவே இரண்டு காவலாளிகளும் சும்மா நிற்கிறார்கள்.

ஒரு கேபிளின் முனையில் மாட்டும் உலோகக் காதை, அதாவது லக்கை, பஸ்பாரில் வைத்து போல்ட் போட்டு முறுக்குகிறோம். இரண்டு தட்டையான செம்புப் பரப்புகள் முழுசாக ஒட்டிக்கொண்டன என்றுதான் கண்ணுக்குத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டுமே மலைத்தொடர்கள். ஒரு மலைத்தொடரைக் கவிழ்த்து இன்னொன்றின் மேல் வைத்தால் எப்படி இருக்கும்? அங்கங்கே சில சிகரங்கள் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். மற்ற இடமெல்லாம் காற்றும் ஆக்ஸைடு படலமும்தான்.

எத்தனை சிகரம் முட்டும் என்பதை லக்கின் அகலம் தீர்மானிப்பதில்லை. அழுத்தும் விசையும் உலோகத்தின் கடினத்தன்மையும்தான் தீர்மானிக்கின்றன. சிகரங்கள் நசுங்கி, அந்த விசையைத் தாங்கும் அளவுக்குப் பரப்பு உண்டானதும் நசுங்கல் நின்றுவிடும். 100 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கொடுத்தாலும் செம்பில் உண்மையாகத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மில்லிமீட்டர்தான். லக் பார்வைக்கு 400 சதுர மில்லிமீட்டர் இருக்கலாம். எலெக்ட்ரான்களுக்கு அதில் நானூறில் ஒரு பங்குதான் வாசல். அகலமான கம்பியில் தாராளமாக வந்த மின்னோட்டம், அந்த நுண்புள்ளிகளில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து, மறுபக்கம் போய் மறுபடி விரிகிறது. இந்த நெரிசலே ஒரு மின்தடை. இதைக் கணக்குப் போட்டு ஒரு துறையாகவே வளர்த்தவர் ராக்னர் ஹோல்ம் என்ற இயற்பியலாளர்.

எனக்கு மிகப் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. அந்தப் புள்ளி எவ்வளவு சூடாகும்? புள்ளி எத்தனை பெரிது, எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்றெல்லாம் தெரியாமல் சொல்ல முடியாது என்றுதான் நினைப்போம். அதெல்லாம் தேவையே இல்லை! அந்த இணைப்பின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் விழுகிறது என்ற ஒரே எண் போதும். உலோகத்தில் மின்சாரத்தைச் சுமப்பதும் எலெக்ட்ரான், வெப்பத்தைச் சுமப்பதில் பெரும்பங்கும் அதே எலெக்ட்ரான். வாசல் குறுகினால் வெப்பம் அதிகமாகப் பிறக்கிறது. பிறந்த வெப்பம் வெளியேற வேண்டிய வழியும் அதே அளவு குறுகிவிடுகிறது. இரண்டும் ஒன்றாகவே மாறுவதால் புள்ளியின் அளவு கணக்கிலிருந்து கழன்றுபோய்விடுகிறது. மின்கடத்தலுக்கும் வெப்பக்கடத்தலுக்கும் உள்ள இந்த உறவை வீடமான், ஃப்ரான்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1853-இல் கண்டார்கள். கோல்ராஷ் என்ற இன்னொரு இயற்பியலாளர் 1900-இல் அதிலிருந்து வெப்பநிலைக்கே சூத்திரம் எழுதிவிட்டார். செம்புக்கு அது தரும் எண்கள் இவை: இணைப்பில் சுமார் 0.12 வோல்ட் விழுந்தால் புள்ளி இளகத் தொடங்கும். 0.43 வோல்ட் விழுந்தால் உருகும்.

230 வோல்ட் லைனில் அரை வோல்ட்கூட இல்லை. 100 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 0.43 வோல்ட் விழ 4.3 மில்லி ஓம் மின்தடை போதும். பிறக்கும் வெப்பம் 43 வாட், அதுவும் ஒரு விரல்நுனி அளவு இடத்தில். 230 வோல்ட்டை 100 ஆம்பியரால் வகுத்தால் லோடின் மின்தடை 2.3 ஓம். அதன் முன்னால் 4.3 மில்லி ஓம் எம்மாத்திரம்? மின்னோட்டம் 0.2 சதவீதம்கூடக் குறையாது. பிரேக்கர் எண்ணுவது ஆம்பியரை மட்டும்தான். அதன் கணக்கில் எல்லாம் சுபம். 'ட்ரிப் ஆகவில்லை, அதனால் நன்றாக இருக்கிறது' என்ற நம்பிக்கையை நான் மூடநம்பிக்கைப் பட்டியலில்தான் சேர்ப்பேன்.

சரி, அப்படியானால் எல்லா இணைப்பும் ஏன் உருகிவிடுவதில்லை? இறுக்கமான இணைப்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். புள்ளி இளகினால், மேலிருந்து அழுத்தும் போல்ட் அதை இன்னும் நசுக்கிப் பரப்பும். வாசல் அகலமாகும், வோல்ட் இறங்கும், சூடு தணியும். லூஸான இணைப்பில் நசுக்க ஆள் இல்லை. இளகிய இடத்தைச் சுற்றிக் காற்று புகுந்து ஆக்ஸைடு வளர்கிறது. பகலில் லோடு ஏறும்போது உலோகம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிடிப்பு ஒரு மயிரிழை தளர்கிறது. மின்தடை கூடினால் சூடு, சூடு கூடினால் மின்தடை. மாதக்கணக்கில் சத்தமில்லாமல் நடந்து, கடைசி வாரத்தில் ஓட்டமாக ஓடும் விவகாரம் இது.

அலுமினியத்தில் இதே கதை இன்னும் வேகம். அதன் ஆக்ஸைடு சில நானோமீட்டர்தான் தடிமன், ஆனால் அசல் மின்காப்பு. சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும். அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்தும் போகும். ஆகவேதான் பசை, ஸ்பிரிங் வாஷர், தனி லக் என்று அத்தனை ஏற்பாடு.

இப்படிக் கெட்ட ஒரு டெர்மினலை நான் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பேஸ்களின் இரண்டு லக்குகளும் பளிச்சென்று இருந்தன. நடுவிலிருந்தது ஊதாவும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தது. கேபிளின் உறை விறைத்துப்போய், நகம் பட்டதும் பொரிப்பொரியாக உதிர்ந்தது. கருகும் பிளாஸ்டிக்கிலிருந்து மீன்வாடை மாதிரி ஒன்று வரும். அந்த அறைக்குப் பொறுப்பானவர் அதை எலி செத்த நாற்றம் என்று நினைத்து இரண்டு நாள் எலியைத் தேடியிருக்கிறார்!

நாற்றம் வரும் வரை காத்திராமல் இருக்கத்தான், சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா. ஒரே லோடு ஓடும் மூன்று பேஸ்களில் ஒன்று மற்றவற்றைவிட 15 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் உடனே கவனிக்க வேண்டும் என்கிறது துறையில் பரவலாகப் புழங்கும், நீட்டா என்ற மின்சோதனை அமைப்பின் அட்டவணை. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் மின்பராமரிப்பு ஆவணமான என்எஃப்பிஏ 70பி பல ஆண்டுகள் வெறும் பரிந்துரையாக இருந்தது. 2023-இல் தரநிலையாக மாறி, ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தச் சோதனை வேண்டும் என்கிறது. ஆனால் சான்றிதழுக்காகச் செய்யும் சோதனைகளில் நான் அடிக்கடி காணும் கேலிக்கூத்து ஒன்று உண்டு. யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று விடுமுறை நாளில் படம் பிடிப்பார்கள். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. பாதி லோடில் கால் பங்குதான் பிறக்கும், பத்தில் ஒரு பங்கு லோடில் நூறில் ஒன்று. படமெல்லாம் குளுகுளுவென்று நீலமாக வரும், கோப்பும் நிறையும். குறைந்தது 40 சதவீத லோடாவது ஓட வேண்டும். அதாவது பேனலில் உயிர் இருக்கும்போதே திறக்க வேண்டும். அதற்குப் பயிற்சியும், ஆர்க் எனும் மின்பொறி வெடிப்பைத் தாங்கும் உடையும் உள்ளவர் மட்டுமே கை வைக்கலாம். கண்ணாடி வழியாகப் பார்க்கலாமே என்றால், சாதாரணக் கண்ணாடி இந்தக் கேமரா பார்க்கும் அகச்சிவப்பு அலைநீளத்துக்குச் சுவர் மாதிரி. அதற்கென்றே உள்ள தனிப் பொருளில் செய்த ஜன்னல் வேண்டும்.

இன்னொன்று: வருடா வருடம் எல்லா ஸ்குரூவையும் 'ஒரு முறுக்கு' முறுக்கிவிடும் பழக்கம். நல்ல இணைப்பை அளவுக்கு மேல் இறுக்கினால் கம்பி இழைகள் நசுங்கும், போல்ட் இழுபட்டுத் தளரும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் சரியான அளவுக்கு முறுக்கி, நட்டின் மேல் ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டால் போதும். கோடு நகர்ந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இனி டேப். பளபளக்கும் செம்பு எவ்வளவு சூடானாலும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுவதில் மகா கஞ்சன். அதே வெப்பநிலையில் ஒரு கரும்பொருள் விடுவதில் இருபதில் ஒரு பங்குதான் விடும். மீதிக்கு எதிரில் நிற்பதைப் பிரதிபலிக்கும். கேமராவில் பஸ்பார் 36 டிகிரி என்று வந்தால், அது படம் பிடிப்பவரின் உடம்புச் சூடாகவே இருக்கலாம். டேப் தன் சூட்டை ஏறக்குறைய முழுசாக, 95 சதவீதம் அளவுக்கு, ஒளிக்காமல் சொல்லிவிடும். ஷட்டவுன் சமயத்தில்தான் அதை ஒட்டியிருப்பார்கள். அசிங்கமாக இருக்கிறதே என்று துடைக்கும்போது உரித்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு வருபவர் அதே புள்ளியில்தான் கேமராவை வைத்து, இந்த ஆண்டு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.