சுளுக்கு எடுத்ததால் சரியானதா, தானாகவே சரியானதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையின் எந்த மைதானத்துக்குப் போனாலும் ஒருவராவது காலைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். பந்தைத் துரத்தும்போது கணுக்கால் மடங்கியிருக்கும். சுற்றி நிற்பவர்களிடம் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. சுளுக்கு எடுப்பவரிடம் போ என்பார் ஒருவர். புத்தூர் கட்டு போட்டுவிடு என்பார் இன்னொருவர். ஐஸ் வை, எக்ஸ்ரே எடு, பிசியோவைப் பார் என்பார் மூன்றாமவர். வேடிக்கை என்னவென்றால், யார் பேச்சைக் கேட்டாலும் பெரும்பாலும் சில வாரங்களில் அவர் மறுபடி ஓடிக்கொண்டிருப்பார். எந்த வைத்தியம் செய்துகொண்டாரோ, பெயரும் அதற்கே போய்ச் சேரும்.

சாதாரணச் சுளுக்கு தானாகவே ஆறக்கூடியது. தவிர, நாம் வைத்தியரைத் தேடிப் போவதே வலி உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்தைத் தொட்ட வலி அடுத்து இறங்கத்தான் செய்யும். அன்றைக்கு யார் என்ன செய்திருந்தாலும் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிவிடலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இது சுளுக்கு எடுப்பவரை மட்டும் குத்திக்காட்டும் சங்கதி அல்ல. விலையுயர்ந்த லேசர் கருவி வைத்திருக்கும் கிளினிக்கும், பளபளக்கும் அறுவை அரங்கும் இதே சந்தேகத்துக்கு உட்பட்டவைதான். குணமானது சிகிச்சையாலா, சிகிச்சைக்குப் பிறகு தற்செயலாகவா என்பதைப் பிரித்துப் பார்க்கத்தான் மருத்துவ ஆய்வு என்ற இத்தனை பெரிய ஏற்பாடு.

சிகிச்சைக்கு முன்பே இன்னொரு கேள்வி இருக்கிறது: என்ன அடிபட்டிருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்தோமா? கணுக்கால் விஷயத்தில் இதற்கு அழகான விடை ஒன்று கனடாவிலிருந்து 1992இல் வந்தது. ஒட்டாவா விதிகள் என்று அதற்குப் பெயர். கணுக்காலின் இருபுறமும் புடைத்துத் தெரியும் எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும் அழுத்தினால் வலிக்கிறதா, அடிபட்ட உடனேயும் மருத்துவமனைக்கு வந்த பிறகும் நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லையா என்று பார்க்கிறார்கள். இரண்டும் இல்லையென்றால் கணுக்காலுக்கு எக்ஸ்ரே தேவையில்லை. 27 ஆய்வுகளில் பங்கேற்ற 15,581 பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்து 2003இல் ஒரு கட்டுரை வந்தது. எலும்பு முறிவு இல்லை என்று இந்த விதிகள் சொன்னவர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே முறிவு இருந்தது. கருவி ஏதுமில்லை, ஒரு விரலும் நான்கு அடியும் போதும்.

முழங்கால் இவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று கபடி வீரர்களும் கால்பந்து ஆடுபவர்களும் சொல்வது பெரும்பாலும் ஏ.சி.எல். என்ற தசைநாரைத்தான். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவிப் போகாமல் தொடை எலும்போடு பிணைத்து வைத்திருப்பது அது. அது அறுந்திருக்கிறதா என்று கையாலேயே கண்டுபிடிக்கும் முறைக்கு லாக்மன் சோதனை என்று பெயர். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் லாக்மன் செய்துகாட்டியதை ஜோசப் டார்க் குழுவினர் 1976இல் எழுதி வெளியிட்டார்கள்.

நோயாளி மல்லாந்து படுத்திருக்க, முழங்காலை 20 முதல் 30 டிகிரி வரை மட்டும் மடக்கிவைக்கிறார்கள். பரிசோதிப்பவர் ஒரு கையால் தொடையை முழங்காலுக்குச் சற்று மேலே அசையாமல் பிடித்துக்கொள்கிறார். மறு கையால் கீழ்க்காலின் மேல்பகுதியைப் பற்றி, கட்டைவிரலை முன் எலும்பின்மீது பதித்து, முன்பக்கமாக இழுக்கிறார். ஜவ்வு முழுசாக இருந்தால் எலும்பு சில மில்லிமீட்டர் நகர்ந்து சட்டென்று நின்றுவிடும். அறுந்திருந்தால் அந்த நிறுத்தம் இருக்காது. குழைவாக முன்னே வந்துகொண்டே இருக்கும். பிறகு அடிபடாத காலிலும் இதையே செய்து ஒப்பிட வேண்டும், ஏனென்றால் சிலருக்குப் பிறவியிலேயே மூட்டு சற்றுத் தளர்வாக இருக்கும். நோயாளி பயந்துபோய்த் தொடையின் பின்பக்கத் தசையை இறுக்கிக்கொண்டால் எலும்பு நகராது, அறுந்த ஜவ்வும் அறுபடாததாகத் தோன்றும். தொடை பருத்திருந்து, பரிசோதிப்பவரின் கை சிறியதாக இருந்தாலும் கஷ்டம்தான்.

இப்படிப்பட்ட கைச்சோதனையை எந்த அளவுக்கு நம்பலாம்? பல ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியான கணக்குப்படி, உண்மையில் அறுந்த 100 முழங்கால்களில் 85ஐ லாக்மன் சோதனை பிடித்துவிடுகிறது. அறுபடாத 100இல் 94ஐ அறுபடவில்லை என்று சரியாகச் சொல்கிறது. பிரமாதமான எண்கள் போலத் தெரிகின்றன. ஆனால் இந்த எண்கள் எந்த வாசலில் பயன்படுத்தப்படுகின்றன என்பதைப் பொறுத்து அர்த்தமே மாறிவிடும்.

விளையாட்டுக் காயங்களுக்கென்றே உள்ள ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். ஆடும்போது 'பொட்'டென்று சத்தம் கேட்டு, ஓரிரு மணி நேரத்தில் மூட்டு வீங்கியவர்கள்தான் அங்கே வருகிறார்கள். வரும் 100 பேரில் 40 பேருக்கு ஜவ்வு அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சோதனை அவர்களில் 34 பேரைப் பிடிக்கும். மீதி 60 பேரில் நான்கு பேரை வீணாகப் பயமுறுத்தும். 'அறுந்திருக்கிறது' என்று சொல்லப்பட்ட 38 பேரில் 34 பேருக்கு உண்மையிலேயே அறுந்திருக்கும். அதே பரிசோதகர், அதே கை, தெருமுனை கிளினிக்குக்குப் போகட்டும். அங்கே பொதுவான முழங்கால் வலியோடு வரும் 100 பேரில் 5 பேருக்குத்தான் ஜவ்வு அறுந்திருக்கும் என்று கொள்வோம். சோதனை அவர்களில் நான்கு பேரைப் பிடிக்கும். அறுபடாத 95 பேரில் ஆறு பேரை அறுந்தவர்கள் என்று சொல்லிவிடும். பயந்துபோன பத்துப் பேரில் ஆறு பேர் காரணமில்லாமல் பயந்தவர்கள்! சோதனை மாறவில்லை, வருகிற கூட்டம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இந்த 85, 94 என்ற எண்களுக்குள்ளேயே ஒரு ஓட்டை ஒளிந்திருக்க முடியும். ஜவ்வு உண்மையில் அறுந்ததா என்று உறுதி செய்ய மூட்டுக்குள் கேமராவை விட்டுப் பார்க்க வேண்டும், அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். கைச்சோதனையில் சந்தேகம் வந்தவர்களைத்தானே அங்கே அனுப்புவார்கள்? சோதனை தவறவிட்டவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், கணக்கில் ஏறுவதே இல்லை. சோதனை உள்ளதைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது. அதனால் நல்ல ஆய்வில் கைச்சோதனையின் முடிவு எதுவாக இருந்தாலும் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. உண்டு. செலவு கூடும்தான், வேறு வழியில்லை.

கண்ணும் கையும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பந்துவீச்சாளர் பந்தை எறிகிறாரா, வீசுகிறாரா என்று அளக்க ஐ.சி.சி. அங்கீகரித்த ஆய்வகம் போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் அமைந்தது. முழங்கை 15 டிகிரி வரை நீளலாம், அதற்கு மேல் போனால் தப்பு. கையில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு குமிழ்களை ஒட்டி, வேகமான கேமராக்கள் பலவற்றால் எல்லாப் பக்கமிருந்தும் படமெடுத்து அந்தக் கோணத்தைக் கணக்கிடுகிறார்கள். வழக்கமான பிசியோதெரபி அறையிலோ பிளாஸ்டிக் கோணமானி ஒன்றுதான் இருக்கும். அதே முழங்காலை இரண்டு பேர் அளந்தால் 5 டிகிரி வித்தியாசம் வருவது சகஜம். ஆகவே ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு முழங்கால் 4 டிகிரி கூடுதலாக மடங்குகிறது என்று யாராவது சந்தோஷப்பட்டால், மடங்கியது முழங்காலா கோணமானியா என்று கேட்கலாம்.

வலிக்கு அந்தக் கோணமானியும் கிடையாது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று நோயாளியிடம்தான் கேட்க வேண்டும். சிகிச்சை கொடுத்தவரே "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நம் ஊரில் என்ன பதில் வரும்? "பரவாயில்லை சார்." இத்தனை நாள் காலைப் பிடித்துவிட்ட மனிதரிடம், ஒன்றும் பிரயோஜனமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கு மனசு வரும்? எனவே அளப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது அவருக்குத் தெரியவும் கூடாது. கேள்வித்தாளும் இடத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும். முழங்காலுக்காக உலகெங்கும் பயன்படும் கேள்வித்தாள் ஒன்றில் காலுறை மாட்டுவதும் குளியல் தொட்டிக்குள் இறங்குவதும் சிரமமா என்று கேட்கிறார்கள். சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா என்பதுதான் மயிலாப்பூர்ப் பாட்டியின் கவலை.

நல்ல ஆய்வில் எந்தச் சிகிச்சை யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். மருத்துவர் தேர்ந்தெடுத்தால், இளவயதினரையும் உற்சாகமானவர்களையும் தன்னையறியாமலே தனக்குப் பிடித்த சிகிச்சையின் பக்கம் சேர்த்துவிடுவார். சீட்டு ஒளி ஊடுருவாத, ஒட்டிய உறைக்குள் இருக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் உறையைப் பிடித்துப் பார்ப்பவர்களும் உலகத்தில் உண்டு.

மாத்திரை ஆய்வென்றால், மருந்தில்லாத வெற்று மாத்திரையைக் கொடுத்து யாருக்கு எது என்பதை மறைத்துவிடலாம். உடற்பயிற்சியை எப்படி மறைப்பது? பயிற்சி செய்தவருக்குத் தான் செய்தது தெரியாமல் போகுமா? அடிபட்ட உடலைப் பயிற்சியால் தேற்றும் புனர்வாழ்வு மருத்துவ ஆய்வுகளின் தீராத தலைவலி இது. இந்த விஷயத்தில் யாரும் எதிர்பாராத துணிச்சலைக் காட்டியவர்கள் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள். பின்லாந்தில் 146 பேரை வைத்து நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. தேய்மானத்தால், முழங்கால் மூட்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்து வலியோடு இருந்த நடுவயதினர் அவர்கள். எல்லோருக்கும் மூட்டுக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் உறையைப் பிரித்தார்கள். சிலருக்குக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதையும் வெட்டவில்லை. ஆனால் மருத்துவர் அதே கருவிகளைக் கேட்டு வாங்கினார், காலை அப்படியும் இப்படியும் அசைத்தார், கத்தியில்லாத கருவியை முழங்கால் சில்லின்மேல் அழுத்தி ஓடவிட்டார், உறிஞ்சும் குழாயை இயக்கினார், நோயாளியை அதே நேரம் அரங்கில் வைத்திருந்தார். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு குழுக்களும் நன்றாகவே தேறியிருந்தன, இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதற்கு முன் லட்சக்கணக்கானோருக்குச் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சை அது. நோயாளிகளின் முழு ஒப்புதலோடு நடந்ததென்றாலும், இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. பலனில்லாத வெட்டை ஆண்டாண்டாகப் பரிசோதிக்காமலே தொடர்வதற்கு இது எவ்வளவோ மேல்.

ஏ.சி.எல். அறுந்த இளைஞர்கள் 121 பேரைக் கொண்டு சுவீடனில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு குழுவுக்கு உடனே அறுவை, பிறகு பயிற்சி. மற்றக் குழுவின் 59 பேருக்குப் பயிற்சி மட்டும். தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டாண்டு முடிவில் வலியிலும் இயக்கத்திலும் இரு குழுக்களும் சமம். அந்த 59 பேரில் 23 பேர் இடையில் அறுவை செய்துகொண்டார்கள். அவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? சீட்டு எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்திலேயே. கேட்க விபரீதமாகத் தோன்றும். ஆனால் நடுவில் ஆட்களை இடம் மாற்றினால் சீட்டுக் குலுக்கியதே வீணாகிவிடும். ஆய்வு கேட்டதும் அறுவை நல்லதா என்பதல்ல. உடனே அறுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா என்பதுதான். 36 பேர் அந்த இரண்டாண்டில் கத்தியே படாமல் சமாளித்தார்கள். கூட்டத்துக்குள் காலை வெட்டித் திருப்பும் கபடி ரெய்டருக்கு இது அப்படியே பொருந்துமா என்பது தனிக் கேள்வி. அந்த ஆய்வில் தொழில்முறை வீரர்களைச் சேர்க்கவில்லை.

நம் ஊர் ஆய்வுகளில் பலவும் மிகச் சிறியவை. முதுகலை மாணவருக்குக் கிடைப்பது சில மாதங்கள்தான். நோயாளிகளும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். குணமானவர் இனி எதற்கு என்று நிற்கிறார், குணமாகாதவர் வேறு இடம் தேடிப் போகிறார், தினக்கூலிக்காரர் ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று வராமலிருக்கிறார். இந்நிலையில் இருபது விதமான அளவுகளை எடுத்தால், சிகிச்சைக்கு எந்தப் பலனும் இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்றில் வெறும் தற்செயலாலேயே வெற்றி தென்படும் வாய்ப்பு, ஒவ்வோர் அளவிலும் தற்செயல் வெற்றிக்கு வழக்கமாக விடப்படும் இடம் 5 சதவீதம், அளவுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், 64 சதவீதம். அந்த ஒன்றை மட்டும் எடுத்துத் தலைப்பில் போட்டுவிடலாம். இதைத் தடுக்கத்தான் எதை அளக்கப்போகிறோம் என்று முதலிலேயே பதிவு செய்யச் சொல்கிறார்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007இல் தொடங்கியது; முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும் என்பது 2018 ஏப்ரல் முதல் கண்டிப்பான விதி. யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம்.

மறுபடி ஆட இறங்குவது எப்போது என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான விடை கிடைக்கவில்லை. ஏ.சி.எல். அறுவைக்குப் பின் ஒன்பது மாதம்வரை காத்திருந்தவர்களுக்கு மறுகாயம் குறைவு என்று நார்வேயில் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் சொன்னார்கள். ஆனால் அங்கே சீட்டுக் குலுக்கவில்லை. பொறுமையாகக் காத்திருப்பவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமானவர்களாக இருக்கலாம். மாதக் கணக்கோடு பலத்தையும் பார்க்கிறார்கள். ஒற்றைக்காலில் தாவச் சொல்லி, அடிபட்ட கால் மற்றக் காலின் தூரத்தில் 90 சதவீதமாவது தாண்டுகிறதா என்று அளக்கிறார்கள். இதிலும் ஒரு சிக்கல்: மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தால் நல்ல காலும் மெலிந்துவிடும். மெலிந்த காலோடு ஒப்பிட்டால் மெலிந்த கால் தேர்ச்சி பெறும். அடிபடும் முன்பு அந்தக் கால் எவ்வளவு தாவியது என்பதுதான் சரியான அளவுகோல். வசதியான அகாடமிகள் பருவத் தொடக்கத்திலேயே அதை எழுதி வைத்துக்கொள்ள முடியும். வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பையனுக்கு அந்தக் குறிப்பு இருக்காது. அவன் பயிற்சியாளர் ஒரு அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டு, அடிபடாத நாளில் இரண்டு காலுக்கும் மும்மூன்று தாவலை அளந்து தேதியோடு குறித்து வைத்தால், பிற்பாடு அவனைப் பார்க்கும் பிசியோவுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.